கொங்கு நாட்டுப் பழைய வீடுகளைப் பார்க்கக் கிளம்புகிறீர்களா? மலையில் தொடங்காதீர்கள்

ஊட்டிக்குப் போகிற இரவு ரயிலில் ஈரோடும் திருப்பூரும் நல்ல தூக்கத்தில் வருகிற ஸ்டேஷன்கள். மேட்டுப்பாளையத்தில் கண் விழித்து, மலையேறி, தொட்டபெட்டா, படகு, சாக்லேட் கடை என்று சுற்றிவிட்டு அதே வழியில் திரும்பிவிடுகிறவர்கள்தான் அதிகம். அதில் தப்பில்லை. ஆனால் பழைய வீடுகளையும் பழைய ஊர்களையும் பார்க்கவேண்டும் என்று முதல்முறையாகக் கொங்கு நாட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கீழே இரண்டு நாள் இருங்கள், அப்புறம் மேலே போங்கள்.

நீலகிரியில் முதலில் வீடு கட்டிய வெள்ளைக்காரர் ஜான் சல்லிவன். அவர் கோயம்புத்தூர் கலெக்டர். நீலகிரி தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிந்ததே 1868-ல்தான். அதற்கு முன்னால், மேற்குப் பகுதி மட்டும் இடையில் சில காலம் மலபாரோடு சேர்ந்திருந்ததை விட்டுவிட்டால், அந்த மலை கோயம்புத்தூர் ஜில்லாவின் மேட்டு நிலம், அவ்வளவுதான். கீழிருந்துதான் அதிகாரிகள் ஏறினார்கள், சுமை தூக்குகிறவர்கள் ஏறினார்கள், அரிசி ஏறியது. மேலே உள்ள பங்களாவை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் கதையின் இரண்டாம் பாகத்தை மட்டும் படித்த மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. கீழே உள்ள நினைவு இல்லங்களில் கூட்டமே இருக்காது. நின்று நிதானமாகப் பார்க்கப் பழகுவதற்கு அதுவே நல்ல இடம்.

கிளம்புவதற்கு முன்

முதலில் மாதம். சமவெளியில் மார்ச் பாதியிலிருந்து மே கடைசி வரை வெயில் மண்டையைப் பிளக்கும். அதே மாதங்களில்தான் ஊட்டியில் சீசன், கூட்டம், ரூம் வாடகை எல்லாம் உச்சத்தில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரியும். மலை ரயிலை நாள் கணக்கில் நிறுத்திவிடுவார்கள். ஜனவரியில் பொங்கல் கூட்டம் முடிந்த பிறகும் பிப்ரவரியும் என் கணக்கில் சிறந்த காலம். ஊட்டியில் அப்போது உறைபனி இருக்கும். ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

அடுத்தது கிழமை. இங்கேதான் வெளியூர்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. கோவை, ஈரோடு, சேலம், கரூர் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு. தலைவர்களின் நினைவு இல்லங்களும் மணிமண்டபங்களும் வேறு துறை: செய்தி மக்கள் தொடர்புத் துறை. அவற்றுக்கு வேறு நேரம். முதல் நாளே அந்தந்த மாவட்டச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். கூகுள் வரைபடத்தில் ‘திறந்திருக்கிறது’ என்று பச்சையில் காட்டுவதை நம்பிப் போகாதீர்கள். பகல் ஒரு மணியிலிருந்து இரண்டு, இரண்டரை வரை எந்த நினைவு இல்லத்துக்கும் போகாமல் இருப்பது நல்லது. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருப்பார், சாவியும் அவரோடு போயிருக்கும்.

பூட்டியிருந்தால் உடனே திரும்பிவிடாதீர்கள். பக்கத்து டீக்கடையில் கேளுங்கள். “ஏனுங்க, இந்த வீட்டுச் சாவி யார்கிட்டங்க இருக்குது?” என்று கேட்டால் போதும். இந்த ஊர்ப் பக்கம் பேச்சில் ‘ங்க’ இருந்தால் பாதி வேலை முடிந்தது. உங்களைவிட வயதில் சின்னவராக இருந்தாலும் ‘வாங்க, போங்க’ தான். யாரையும் ஒருமையில் கூப்பிட்டுவிடாதீர்கள். வயதானவர்கள் உங்களைக் ‘கண்ணு’ என்றோ ‘சாமி’ என்றோ கூப்பிட்டால் சங்கடப்படவேண்டாம், அது பிரியம்.

முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஆடிப்பெருக்கு அன்று ஓடாநிலையும் சங்ககிரியும் தீரன் சின்னமலை நினைவு விழாக் கூட்டத்தில் நிரம்பிவிடும். விழாவைப் பார்க்கவேண்டுமென்றால் அன்று போங்கள், இடத்தைப் பார்க்கவேண்டுமென்றால் வேறு நாள்.

கையில் என்ன வேண்டும்? ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் (நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்), சில்லறைக் காசு, ஒரு சின்ன டார்ச், கழற்றி மாட்ட எளிதான செருப்பு. டார்ச் எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

முதல் நாள்: ஈரோடு

ஈரோட்டில் இறங்கிப் பன்னீர்செல்வம் பார்க் என்று சொன்னால் யாரும் வழிகாட்டுவார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பெரியார் வீதி. அதில்தான் பெரியார்–அண்ணா நினைவகம். பெரியார் 1879 செப்டம்பர் 17-ல் இந்த ஊரில் பிறந்தவர். அப்பா வெங்கடப்பர் வியாபாரத்தில் செழித்தவர். மகன் வியாபாரத்தைப் பார்த்தார், நகராட்சித் தலைவரானார், அப்புறம் எல்லாவற்றையும் விட்டுப் பொதுவாழ்க்கைக்குப் போனார். 1925-ல் ‘குடிஅரசு’ வார இதழை இங்கே தொடங்கினார். 1930-களின் கடைசியில் அண்ணா ஈரோட்டில் தங்கி அவருடைய பத்திரிகைகளில் வேலைபார்த்தார். நினைவகத்துக்கு இரண்டு பேர் பெயர் வந்தது அதனால்தான்.

நம் ஊர் நினைவு இல்லங்கள் பெரும்பாலும் புகைப்படக் கண்காட்சிகள். சுவர் முழுக்கச் சட்டமிட்ட படங்கள், ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரி. ஒன்றிலிருந்து கடைசி வரை படித்துக்கொண்டே போனால் இருபதாவது படத்தில் கண் சொக்கும். படங்களைப் பிறகு பாருங்கள், முதலில் வீட்டைப் பாருங்கள். வாசல்படி எவ்வளவு தேய்ந்திருக்கிறது? கதவு எந்த மரம், தாழ்ப்பாள் எப்படி? சமையலறைப் புகை எந்த வழியாக வெளியே போகும்? மழைத் தண்ணீர் எங்கே விழுந்து எங்கே ஓடும்? வெளியாள் வந்தால் எதுவரை வரலாம், எந்த இடத்தில் நிற்கவேண்டியிருந்தது? இந்தக் கேள்விகளோடு ஒரு சுற்று வந்துவிட்டு, இரண்டாவது சுற்றில் படங்களைப் பாருங்கள். படத்தில் உள்ளவர்கள் அந்த வாசலில் நின்றவர்கள் என்பது அப்போதுதான் உறைக்கும்.

வெளியே வரும்போது வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதிவிட்டு வாருங்கள். பல இடங்களில் அந்த நோட்டு வெறிச்சோடிக் கிடக்கிறது. யாரும் வருவதில்லை என்று காட்டுகிற நோட்டை வைத்துக்கொண்டு வெள்ளையடிக்கப் பணம் கேட்பது கஷ்டம்.

கணிதமேதை ராமானுஜன் பிறந்த வீட்டைப் பார்க்கவேண்டும் என்று சிலர் ஈரோட்டில் தேடுவார்கள். 1887 டிசம்பர் 22-ல் அவர் பிறந்தது ஈரோட்டில், அம்மா வழிப் பாட்டி வீட்டில் என்பது உண்மை. ஆனால் நினைவு இல்லம் இருப்பது கும்பகோணத்தில். இங்கே தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம்.

திங்கள் ராத்திரியிலிருந்து செவ்வாய் வரை கனி மார்க்கெட் பக்கம் ஜவுளிச் சந்தை. துணி மூட்டைகளுக்கு நடுவே நடப்பதே ஒரு வேலை. சிலருக்கு அது தொந்தரவு. எனக்கு ஈரோட்டைப் பார்க்க அதுவே நல்ல நேரம். வியாபாரக் குடும்பத்துப் பிள்ளையின் வீட்டைப் பார்த்துவிட்டு, அந்த வியாபாரம் இன்றைக்கும் தெருவில் நடப்பதைப் பார்ப்பது வேறு எந்த நினைவு இல்லத்திலும் கிடைக்காது.

மத்தியானத்துக்கு மேல் அறச்சலூர் வழியாக ஓடாநிலைக்குப் போகலாம். தீரன் சின்னமலை 1756-ல் காங்கேயத்துக்குப் பக்கத்தில் மேலப்பாளையத்தில் பிறந்தவர்; ஓடாநிலையில் கோட்டை கட்டிக் கொண்டு கம்பெனிப் படையை எதிர்த்தவர். கோட்டையை வெள்ளைக்காரர்கள் தகர்த்துவிட்டார்கள். இப்போது இருப்பது மணிமண்டபம். பழைய கட்டடம் எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்த வழியில் அறச்சலூர் நாகமலைக் குகையில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தாளச் சொற்களைக் கட்டம் கட்டமாக வெட்டிவைத்த கல்வெட்டு. உள்ளூர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகப் பாறையேறவேண்டாம்.

வழியில் ஒரு தொட்டிக்கட்டு வீடு

ஈரோட்டிலிருந்து காங்கேயம், தாராபுரம், பொள்ளாச்சி எந்தப் பக்கம் போனாலும் ஊருக்குள் ஒன்றிரண்டு பழைய தொட்டிக்கட்டு வீடுகள் மிச்சம் இருக்கும். இவற்றுக்கு டிக்கெட் கிடையாது, பலகை கிடையாது. ஆள் குடியிருக்கிற வீடுகள். என்னைக் கேட்டால் கொங்கு நாட்டில் பார்க்கவேண்டிய முதல் அருங்காட்சியகம் இந்த வீடுதான். ஆனால் அனுமதி கேட்டு, அழைத்தால் மட்டும் உள்ளே போகவேண்டும்.

வெளியே திண்ணை. நிலைவாசல் குள்ளமாக இருக்கும், குனிந்துதான் போகவேண்டும்; உயரமானவர்கள் நெற்றியைப் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் ஆசாரம், மரத்தூண் வைத்த நீளக் கூடம். விருந்தாளி உட்காருவது, பேச்சுவார்த்தை, நிச்சயதார்த்தம் எல்லாம் அங்கேதான். நடுவில் வானம் பார்த்த தொட்டி. நான்கு பக்க ஓட்டுக் கூரைத் தண்ணீரும் அதில் விழும், ஒரு மூலையில் உள்ள மடை வழியாக வெளியேறும். மழைக்காலத்தில் பாத்திரம் வைத்துத் தண்ணீர் பிடிப்பார்கள். மேலே அட்டாலி; வெங்காயம், புளி, பழைய பித்தளைப் பாத்திரம், கல்யாண ஜமுக்காளம் எல்லாம் அங்கே அடைந்து கிடக்கும். டார்ச் சொன்னேனே, அது இதற்குத்தான். அட்டாலியின் உத்தரத்திலும் தூணின் தலையில் உள்ள போதிகையிலும் உள்ள தச்சு வேலை இருட்டில் தெரியாது. வெளிச்சத்தைச் சாய்த்து அடித்தால் உளி போன தடம் கூடத் தெரியும். வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டார்ச் அடியுங்கள்.

பின்னால் பொடக்காலி: கிணறு, துவைக்கிற கல், ஆட்டாங்கல், விறகு. அதையும் தாண்டி மாட்டுக் கட்டுத்தரை. காங்கேயம் காளை கட்டிய வீடாக இருந்தால் நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே அதைக் காட்டுவார்கள், வீட்டைவிட அதில்தான் பெருமை. காளை ஆர்வம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பழையகோட்டையில் காங்கேயம் மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள்.

பேச்சைத் தொடங்குவதற்கு நல்ல கேள்வி, “இந்த வீடு யார் காலத்துலங்க கட்டுனது?” என்பது. ‘அப்புச்சி காலத்துல’ என்று ஆரம்பித்து மரம் எங்கிருந்து வந்தது, எத்தனை வண்டி சுண்ணாம்பு அரைத்தார்கள் என்று வந்துவிடும். கேட்கக்கூடாத கேள்வி, ‘இது என்ன விலைக்குப் போகும்?’ என்பது. அதைக் கேட்ட நிமிஷம் உங்களைத் தூண் வாங்க வந்த பழைய சாமான் வியாபாரி என்று முடிவு செய்துவிடுவார்கள். இடிக்கிற வீடுகளிலிருந்து கதவும் தூணும் வாங்கிப் போகிறவர்கள் இந்தப் பக்கம் நிறையச் சுற்றுகிறார்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் சமத்தூர், ஊத்துக்குளி போன்ற ஜமீன் அரண்மனைகளைச் சினிமாவில் பார்த்துவிட்டு நேரே கேட்டைத் தட்டுகிறவர்கள் உண்டு. அவை தனியார் வீடுகள். முன்கூட்டி அனுமதி வாங்காமல் போகாதீர்கள். சுவருக்கு மேல் கையை நீட்டிப் படம் எடுக்காதீர்கள்.

இரண்டாம் நாள்: காவிரிக்கு அக்கரை

ஈரோட்டிலிருந்து பாலம் தாண்டினால் பள்ளிபாளையம், நாமக்கல் மாவட்டம். காலை வெயில் ஏறுவதற்குள் சங்ககிரி மலைக்கோட்டையை முடித்துவிடுங்கள். தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோட்டை. திப்பு காலத்திலும் கம்பெனி காலத்திலும் பயன்பட்டது. மொட்டைப் பாறை மலையில் ஒன்றன்மேல் ஒன்றாக வாசல்கள் வரும். 1805 ஜூலை 31-ல் சின்னமலையைத் தூக்கிலிட்டது இங்கேதான். மேலே கடை எதுவும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், தண்ணீரைக் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் முதல் இரண்டு வாசல்களோடு திரும்பிவிடலாம், மதில் கட்டிய விதம் அங்கேயே விளங்கிவிடும்.

அங்கிருந்து திருச்செங்கோடு, அப்புறம் புதுப்பாளையம் காந்தி ஆசிரமம். ராஜாஜி 1925-ல் தொடங்கி, பிள்ளைகளோடு வந்து தங்கி நடத்திய இடம். கதர், மதுவிலக்கு, தீண்டாமை ஒழிப்பு மூன்றும் இங்கே ஒன்றாக நடந்தன. மதுவிலக்குக்காக இங்கிருந்து ‘விமோசனம்’ என்ற பத்திரிகை வந்தது. அதில் ராஜாஜியோடு வேலைபார்த்தவர் கல்கி. நேற்று ஈரோட்டில் பார்த்த பெரியார் வீட்டை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். அதே 1925-ல் காவிரிக்கு அந்தக் கரையில் ஒருவர் பத்திரிகை தொடங்குகிறார், இந்தக் கரையில் இன்னொருவர் ஆசிரமம் தொடங்குகிறார். அரசியலில் எதிரும் புதிருமாகப் போன பிறகும் இரண்டு பேரும் கடைசிவரை நண்பர்கள். அடுத்தடுத்த நாளில் இரண்டு இடத்தையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஆசிரமம் இன்றும் வேலை நடக்கிற இடம், காட்சிசாலை இல்லை. அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். கதர்த் துண்டு ஒன்று வாங்கினால் நல்லது.

மாலைக்கு நாமக்கல். கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை 1888-ல் பக்கத்து மோகனூரில் பிறந்தவர். 1930-ல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகத்துக்குப் போனவர்கள் பாடிச் சென்ற பாட்டு இவர் எழுதியது. ஓவியரும்கூட. சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கு இவர் பெயர். இவர் வாழ்ந்த வீடோ ஒரு தெருவுக்குள் அடங்கிவிடுகிற அளவு. இப்போது நினைவு இல்லமும் நூலகமும். சாயங்காலம் போனால் பேப்பர் படிக்கிறவர்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். மெதுவாக நடங்கள், போனை அமைதியில் போடுங்கள். நாமக்கல் மலையின் இரண்டு பக்கமும் அதியர் காலத்துக் குடைவரைக் கோயில்கள், நரசிம்மரும் அரங்கநாதரும். பாறையில் வெட்டிய படியேறிக் கோட்டைக்குப் போனால் ஊர் முழுக்கக் கீழே தெரியும்.

ராத்திரி கோவைக்கோ திருப்பூருக்கோ வந்துவிடலாம். திருப்பூர் வழி என்றால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் குமரன் நினைவகம். சென்னிமலையில் 1904-ல் பிறந்த நெசவாளர் வீட்டுப் பிள்ளை. 1932 ஜனவரி 10-ல் கொடியோடு ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடி, மறுநாள் உயிர் போனது. கோவைக்குப் பக்கத்தில் போத்தனூரில் ஜி.டி. நாயுடுவின் பங்களா ஒன்று காந்தி நினைவகமாக இருக்கிறது. 1934 பிப்ரவரியில் காந்தி அங்கே தங்கினார். இரண்டுக்கும் அரைமணி அரைமணி போதும்.

மூன்றாம் நாள்: ஏறுவது

மலை ரயிலில்தான் ஏறவேண்டும் என்று ஆசை இருந்தால் அறுபது நாளுக்கு முன்பே முன்பதிவு திறக்கும், அன்றைக்கே போடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணி வாக்கில் கிளம்பி மத்தியானம் ஊட்டி சேரும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம். பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அவசரக்காரர்களுக்கு ரயில் வேண்டாம்.

கல்லாறு தாண்டியதும் ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பாருங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடும். எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. அதனால் முதல் பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்குத் திறந்த மலை, கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு நீராவிச் சத்தம். எனக்குக் கடைசிப் பெட்டிதான் பிடிக்கும். ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது இறங்கிப் பார்க்கலாம். குரங்குகள் வடையைப் பிடுங்கும். குன்னூர் வரை 1899-ல் ரயில் வந்தது, ஊட்டி வரை 1908-ல். குன்னூருக்கு மேலே பல் பட்டை கிடையாது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு: 2024 மே மாதத்திலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டும். ஆன்லைனில் எடுப்பது, செலவில்லை. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று உச்சவரம்பு வைக்கிறார்கள், கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அரசு பஸ்ஸிலும் ரயிலிலும் போகிறவர்களுக்கு இது தேவையில்லை. பர்லியாறு வழியில் கொண்டை ஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும்.

என் யோசனை, பழைய வீடு பார்க்க வந்தவர்கள் முதலில் ஊட்டிக்குப் போகாமல் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிப் பஸ்ஸைப் பிடிப்பது. சல்லிவனும் முதலில் ஊட்டிக்குப் போகவில்லை. அவருடைய உதவியாளர்கள் 1818-ல் மலையேறிப் பார்த்துவிட்டு வந்து சொன்னதைக் கேட்டு, 1819-ல் அவர் ஏறினார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். பெத்தக்கல் பங்களா என்று பெயர். இடிந்து மாடு கட்டுகிற நிலைமைக்குப் போயிருந்த கட்டடத்தைச் சீரமைத்து நினைவகமாக்கியிருக்கிறார்கள். நீலகிரியின் பழைய படங்கள், மலைமக்களின் பொருட்கள் உள்ளே இருக்கின்றன. பெரிய அரண்மனையை எதிர்பார்க்காதீர்கள். ஒரு கலெக்டர், குளிருக்கு ஒதுங்கக் கட்டிய வீடு. கன்னேரிமுக்கு படகர் ஊர், தேயிலைக்கு நடுவில் இருக்கிறது. சமவெளியில் பார்த்த தொட்டி இங்கே கிடையாது, வானத்தைத் திறந்துவிட்டால் குளிரும் மழையும் உள்ளே வந்துவிடும். அங்கே காற்று வரவேண்டும் என்று கட்டினார்கள், இங்கே காற்று வரக்கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். கீழே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

நான்காம் நாள்: ஊட்டி

ஊட்டியில் கல் பங்களா. சல்லிவன் 1822-ல் தொடங்கியது, ஊட்டியின் முதல் ஐரோப்பிய வீடு. மலைப் பழங்குடிகளான தோடர்களிடமிருந்து ஏக்கருக்கு ஒரு ரூபாய் கணக்கில் நிலம் வாங்கினார் என்பார்கள். அப்படி வாங்கியவரே பின்னால் அந்த நிலத்தின் மேல் தோடர்களுக்கு முழு உரிமை உண்டு என்று அரசாங்கத்தோடு வாதாடியவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அருங்காட்சியகம் இல்லை என்பதால் கேட்டில் அனுமதி கேட்கவேண்டும். வேலை நாளில், வகுப்பு நடக்காத நேரமாகப் பார்த்து, நான்கைந்து பேராகப் போனால் மறுக்கமாட்டார்கள். பரீட்சை நேரத்தில் போகாதீர்கள்.

அங்கிருந்து கீழே இறங்கினால் புனித ஸ்டீபன் தேவாலயம். 1829-ல் அடிக்கல், 1831-ல் திறப்பு. உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: உத்தரங்களும் தூண்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரம். வண்டிப்பாதை சரியாக இல்லாத காலத்தில் அவ்வளவு பெரிய தேக்கை மலைமேல் ஏற்றியிருக்கிறார்கள். பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் இருக்கிறார்கள். சரிவு வழுக்கும், கல்லறைமேல் ஏறி நிற்காதீர்கள். ஞாயிறு காலை ஆராதனை நேரம், அப்போது சுற்றிப்பார்க்கப் போவது மரியாதையில்லை. நடைதூரத்தில் நீலகிரி நூலகத்தின் கட்டடமும் இருக்கிறது. உறுப்பினர்களுக்கான இடம், வெளியே நின்று பார்த்தாலே போதும். ஊட்டி கிளப்புக்குள் விடமாட்டார்கள், முயற்சி வேண்டாம்.

இத்தோடு நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். என்னைக் கேட்டால் ஊட்டியில் தவறவிடக்கூடாதது எம். பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மைய அருங்காட்சியகம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் வீடுகளையும் பொருட்களையும் அங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். அரசு அலுவலக நேரம், அதனால் வேலை நாளில் போங்கள். தோடர் வீட்டின் வாசலை உட்கார்ந்து பாருங்கள். அரைப்பீப்பாய் வடிவக் கூரை, மூங்கிலும் பிரம்பும் புல்லும். வாசல் தவழ்ந்து போகிற அளவுதான். குளிருக்கும் காட்டு மிருகத்துக்கும் சேர்த்துக் கண்ட வழி. சல்லிவன் கல்லடுக்கிச் செய்ததை இவர்கள் புல்லால் எத்தனையோ காலத்துக்கு முன்பே செய்துவிட்டார்கள். 1848-ல் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவின் மேல்பகுதியிலும் ஒரு தோடர் மந்து, அதாவது அவர்களுடைய குடியிருப்பு, இருக்கிறது. அங்கே ஆட்கள் வாழ்கிறார்கள். கோயில் பக்கம் போகாதீர்கள், கேட்காமல் யாரையும் படம் எடுக்காதீர்கள், சரியா?

எதை அடுத்த முறைக்கு வைப்பது

ஏற்காட்டையும் வால்பாறையையும் இதே பயணத்தில் சேர்க்கச் சொல்லிக் கேட்பார்கள். சேர்க்காதீர்கள். ஏற்காட்டில் காபியைக் கொண்டுவந்த கலெக்டர் காக்பர்ன் கதை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எஸ்டேட் வீடுகள் தனியார் சொத்து. வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஆனைமலைக் காட்டில் உள்ள டாப்ஸ்லிப்புக்கு வனத்துறை வைத்த நேரம். டாப்ஸ்லிப்பில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை தேக்கங்காட்டுக்குள் இருக்கிறது, அந்தத் தேக்கே அவர் வளர்த்தது. அதற்கு ஒரு முழுநாள் ஒதுக்கித் தனியாக வாருங்கள். கொல்லிமலையும் அப்படித்தான், எழுபது வளைவு.

இறங்கும்போது சீசனில் ஒருவழிப் பாதை அமலில் இருக்கும்: பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏறுவது, கோத்தகிரி வழியாக இறங்குவது. போலீஸ் எந்தப் பக்கம் திருப்பிவிடுகிறதோ அந்தப் பக்கம் போங்கள். சென்னைக்குத் திரும்புகிறவர்களுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல் நீலகிரி எக்ஸ்பிரஸ். ஊட்டியில் நான்கு மணிக்கு முன்பே பஸ் ஏறிவிடுங்கள். மேட்டுப்பாளையத்தில் நேரம் மிச்சம் இருந்தால் ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள மெஸ் எதிலாவது அரிசியும் பருப்புஞ் சாதம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் நெய் கொஞ்சம் கூடவே ஊற்றச் சொல்லுங்கள்.